ராஜா சாகும் இடத்தில் ஒரு குர்ர்

1

இந்தக் கதை ஒரு வயிற்றிலிருந்து பிறந்தது, என் வயிறல்ல. பின்லாந்தே தலையில் வைத்துக் கொண்டாடும் ஓர் இசையமைப்பாளர் நாடகத்துக்காக எழுதி, பிறகு யாரும் அதிகம் வாசிக்காமல் விட்ட இசையை எங்கள் ஊர் இசைக்குழு பதிவு செய்தது. அந்த இசைத்தட்டில், நாடகத்து ராஜா செத்து முடியும் இடத்தில் ஒரு 'குர்ர்' கேட்கிறது. குழுவிலிருந்த என் தோழி துய்ரேயிடம் அதென்ன என்றேன். சிரித்துச் சிரித்துக் காபியைக் கொட்டிவிட்டாள்.

2

பனி கொட்டிக்கொண்டிருந்த அந்த

(வேண்டாம். பின்லாந்து என்றாலே பனியா? அது மே மாதம், நல்ல வெயில்.)

துய்ரே பஸூன் என்னும் நீளக் குழல் வாசிப்பவள். அப்போது சோதனைக் காலத்தில் இருந்தாள். பதிவு முடிந்ததும், அவளை வைத்துக்கொள்வதா என்று குழுவினர் கை தூக்கி முடிவு செய்வார்கள். அதனால் நடுக்கம். நடுங்கினால் அவளுக்குப் பசிக்கும். அன்று வியாழக்கிழமை, வியாழன் என்றால் இந்த ஊரில் பட்டாணி சூப்தான். கடுகு விழுதைப் போட்டு வாங்கி வாங்கிக் குடித்தாள்.

(இவளைக் கதாநாயகியாக நம்புவார்களா? நம்பித்தான் ஆகவேண்டும், இவளைத்தான் எனக்குத் தெரியும்.)

3

ராஜா சாகிறார். மூச்சுக் காற்றுபோல வயலின்கள். குர்ர்ர்.

ஒலிபெருக்கியில் ஒலிப்பதிவாளர் ஹில்லெவியின் குரல்: "இந்தக் காட்சியில இடி கிடையாதே. ஆர்வித், நீயா?"

"ஐயோ, நான் முரசுப் பக்கமே போகல!" என்றான் முரசு வாசிக்கும் ஆர்வித்.

மறுபடி வாசித்தார்கள். மறுபடி குர்ர்.

"ஆர்வித்!"

"சத்தியமா நான் இல்லம்மா! எல்லாத்தையும் என் தலையிலயே கட்டுங்க!"

துய்ரேவுக்குக் காது சிவந்தது. பேசாமல் இருந்தால் தப்பிக்கலாம், ஆர்வித் மாட்டிக்கொள்வான். எழுந்து நின்றாள்.

"இடி இல்ல. என் வயிறு. பட்டாணி."

 அரங்கமே சிரிப்பில் வெடித்தது. குழுவை நடத்தும் கௌகோ மேடையிலேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கடைசித் தடவை. யாராவது சிரிச்சா கொன்னுடுவேன்," என்றார், சிரித்துக்கொண்டே.

சிரிப்பை அடக்கிய கைகள் நடுங்கின. அந்த நடுக்கம் இசையில் ஏற, ராஜா நிஜமாகவே உயிரை விட்டார். கடைசிச் சுரம் அடங்கியது. குர்ர்.

"அதை அழிச்சிடட்டுமா?" என்றாள் ஹில்லெவி.

"வேணாம்," என்றார் கௌகோ. "பாவம், பசியோட செத்திருக்காரு. அப்படியே இருக்கட்டும்."

4

முடிவு. முதலில் அவளை வேலையைவிட்டு அனுப்பினேன். எனக்கே பொறுக்காமல் அந்த வரியை அடித்துவிட்டேன். பிறகு எல்லோரும் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு

(ஆட்கள் யாரையும் தொடவே கூச்சப்படும் ஊர் இது. அதையும் அடித்தேன்.)

நடந்தது எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. துய்ரே நடைக்கூடத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். உள்ளே குழு கூடியிருக்கிறது. உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன்.

"இவ நம்மகூட இருக்கணும்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க," என்கிறார் கௌகோ.

ஆர்வித் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டான், கள்ள ஓட்டு. நீங்கள்?