ஒட்டும்போது பேசக்கூடாது

பொம்மைக்காரியின் மகளுடைய குரல் காகிதப் புலிக்குள் போனது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். அன்று பால் வண்டியும் தாமதம் என்பதால் தெருவுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அந்த வீட்டில் இது நடக்கக்கூடியதுதான். பொம்மைக்காரி களிமண்ணில் மிருகத்தின் உருவம் செய்து, எண்ணெய் தடவி, மைதாப் பசையில் நனைத்த செய்தித்தாள் கிழிசல்களை மேலே மேலே ஒட்டிக் காயவைப்பாள். காய்ந்ததும் முதுகிலும் வயிற்றிலும் பிளேடால் கீறி இரண்டாகப் பிரித்து, மண்ணை எடுத்துவிட்டு, வெறும் கூடாகத் திரும்பச் சேர்ப்பாள். கடைசித் துண்டை ஒட்டும் நொடியில் அறைக்குள் என்ன சத்தம் இருக்கிறதோ, அது உள்ளே மாட்டிக்கொள்ளும். ஒரு யானைக்குள் குக்கர் விசில் இருந்தது. ஒரு குதிரைக்குள் பக்கத்து வீட்டு மெக்கானிக்கின் தும்மல் இருந்தது. வாங்கிப்போனவர்கள் அதை ஜலதோஷக் குதிரை என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள். அதனால் அவள் "ஒட்டப் போறேன்" என்று குரல் கொடுத்தால் வீடே வாயை மூடிக்கொள்ளும். அவள் கணவனுக்குத் தெருவில் வாயாடி என்று பெயர். அவனே அந்த நேரத்தில் துண்டைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

மகளுக்குப் பஸ் நிலையத்தில் மைக்கில் வண்டி நேரம் சொல்லும் வேலை. அன்று கிளம்பித் தலை பின்னிக்கொண்டிருந்தவள், பழைய பேப்பர் கட்டிலிருந்து ஒரு தேள் இறங்கி அம்மாவின் கால் பக்கம் போவதைப் பார்த்தாள். கையை ஆட்டிப் பார்த்தாள். அம்மா குனிந்த தலை நிமிரவில்லை. "அம்மா, காலை எடு! தேளு!" என்று உயிரைக் கொடுத்துக் கத்தினாள். அம்மா காலை எடுத்துவிட்டாள். கையை எடுக்கவில்லை, துண்டு ஒட்டிக்கொண்டது. மெக்கானிக்கிடமிருந்து ஒரு தும்மல்தான் போயிருந்தது. இவள் உயிரைக் கொடுத்துக் கத்தியதால் குரல் முழுவதுமாகப் போய்விட்டது.

புலி சில நாட்கள் தேள், தேள் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு வண்டி நேரம் சொன்னது. பஸ் நிலையத்தில் மணியடித்துச் சமாளித்தார்கள். இப்படியே போனால் வேறு ஆளைப் போட வேண்டியதுதான் என்றார் மேலாளர். புலியைக் கீறப் பயம். அந்த யானை வேனிலிருந்து விழுந்து வயிறு கிழிந்தபோது விசில் ஒரே முறை ஊதிவிட்டுக் காற்றோடு போய்விட்டது. கீறாமல் வைத்திருக்கவும் பயம், ஏனென்றால் மழைக்காலம் தொடங்கியிருந்தது. காகிதம் நமுத்தது. புலி இருமியது, மகள் இருமவில்லை. ஒரு மத்தியானம் புலி "பசிக்குதும்மா" என்றது. மகள் அப்போதுதான் சாப்பிட்டுக் கை கழுவியிருந்தாள். அதிலிருந்து பக்கத்து வீட்டுப் பூனை அந்தப் பக்கம் வரவில்லை, வாயாடி பேசுவதையே விட்டுவிட்டான். பெற்ற பெண்ணின் குரலைக் கேட்டு நடுங்குகிறோமே என்று பொம்மைக்காரி அழுதாள். அழுதபடியே பட்டறைக் கதவைத் தாழ்போட்டாள்.

புலியின் வயிற்றில் பூஞ்சை பூத்த அன்று, மகளே பிளேடைக் கொண்டுவந்து அம்மாவின் கையில் வைத்தாள். புலிக்குக் கீழே படுத்து, வாயை வயிற்று ஒட்டின் மேல் பதித்துக்கொண்டு, கீறு என்று சைகை காட்டினாள்.

"வேணாம்மா," என்றது புலி. "வலிக்கும்மா. நான்தாம்மா உன் பொண்ணு."

கீழே இருந்தவள் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். பல நாள் கழித்து வாயாடி வாயைத் திறந்தான்.

"எது நம்ம பொண்ணுன்னே எனக்குத் தெரியலையேடி."

கீழே இருந்தவளைப் பெற்றவள் அவள். மேலே இருந்ததைத் தன் கையால் உண்டாக்கியவளும் அவள்தான். பல்லைக் கடித்துக்கொண்டு கீறினாள். அம்மா என்று ஒரே அலறல். அப்புறம் அது வெறும் பேப்பர்.

மகளுக்குக் குரல் வந்துவிட்டது. மறுநாளே வேலைக்குப் போனாள். குரலில் ஒரு குறையும் இல்லை, இடையிடையே ஒரு வரி கூடுதலாக வரும், அவ்வளவுதான். காய்கறிக் கடையில், "அரைக் கிலோ போதும், ஏம்மா என்னைக் கீறினே, நல்ல தக்காளியாப் பாத்துப் போடுங்க" என்பாள். தான் சொன்னது அவளுக்கே தெரியாது. பஸ் நிலையத்திலும் அப்படித்தான். விரைவு வண்டி இன்னும் சற்று நேரத்தில், வலிச்சுதும்மா, மூன்றாவது நடைமேடையிலிருந்து புறப்படும் என்று ஒலிபெருக்கி சொல்லும். பயணிகள் பையைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது நடைமேடைக்குப் போவார்கள். ஆரம்பத்தில் அந்த வரி வரும்போதெல்லாம் பொம்மைக்காரியின் கையில் இருப்பது கீழே விழுந்து உடையும். வருஷங்கள் போகப் போகப் பதில் சொல்லப் பழகிவிட்டாள்.

"தெரியும்டி கண்ணு," என்பாள், பசையைக் கிண்டியபடியே.

"என்னம்மா தெரியும்?" என்பாள் மகள்.

"உங்கிட்டச் சொல்லலடி. நீ சாப்பிடு."