இருபது நிமிடத்தில் போய்விடலாம்

சந்திப்பு நிலையத்திலிருந்து துறைமுகத்துக்கு ஒற்றைப் பாதைதான். ஒரு பக்கம் உப்பளம், இன்னொரு பக்கம் கழிமுகம். துறைமுகத்திலிருந்து சரக்கு வண்டி புறப்பட்டுவிட்டால், அது இங்கே வந்து சேரும்வரை எதிர்த்திசையில் எதுவும் போக முடியாது. இருபத்திரண்டு வருடமாக ஸ்டேஷன் மாஸ்டர் அந்தப் பாதையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

அன்று காலை அவர் வேலையில் இருந்திருக்கவே கூடாது. துறைமுக ஸ்டேஷனை ஒட்டிய ரயில்வே குடியிருப்பில், அவர் வீட்டில், அப்பா கடைசி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். எட்டு மணிக்கு வரவேண்டிய மாற்று ஆள் வரவில்லை. நாற்காலியை விட்டு எழுந்துபோகிற உத்தியோகமா அது?

பத்தே கால் மணிக்குத் துறைமுகம் போகும் பாசஞ்சர் வந்து நின்றது. தங்கை இறங்கினாள். இரண்டு நாள் பயணத்தில் சேலை கசங்கி, கண் வீங்கியிருந்தது. நேரே அவர் அறைக்கு வந்தாள்.

"அண்ணா, அப்பா இருக்காருல்ல?"

"இருக்காரும்மா. 'பாப்பா எங்க, பாப்பா எங்க'ன்னு உன்னைத்தான் கேட்டுக்கிட்டு இருக்காராம்."

ரயில் எஞ்சின் பழுதுபார்க்கும் லோகோ ஷெட்டில் முப்பத்தைந்து வருடம் சுத்தியல் சத்தத்தில் கிடந்து அப்பாவுக்குக் காது போயிருந்தது. போனில் பேசிப் பிரயோஜனமில்லை. முகத்தையும் உதட்டையும் பார்த்துத்தான் புரிந்துகொள்வார். மகள் பேசினால் மட்டும் ஒரு சொல் தப்பாது. "உன் பேச்சு எனக்குக் கண்ணுலயே கேக்குது பாப்பா" என்பார்.

"சரக்கு வண்டி ஒண்ணு அங்கிருந்து வந்துக்கிட்டு இருக்கு. வந்ததும் உன் வண்டியை விட்டுடுவேன்."

"வெளிய ஒரு பார்சல் வேன் நிக்குதுண்ணா. துறைமுகம்தான் போகுதாம், ஏறிக்கங்கன்னு டிரைவர் சொல்றாரு. போயிடட்டுமா?"

சாலை கழிமுகத்தைச் சுற்றிக்கொண்டு போகும். முக்கால் மணி நேரம்.

"அந்தக் குண்டும் குழியுமான ரோட்டுல எதுக்கு அலையுற? அஞ்சு நிமிஷத்துல சரக்கு வண்டி வந்துடும். அப்புறம் இருபது நிமிஷத்துல போயிடலாம். நான் சொல்றேன்ல, உட்காரு."

என்ன படிப்பது என்பதிலிருந்து யாரைக் கட்டிக்கொள்வது என்பதுவரை அண்ணன் பேச்சைத்தான் அவள் கேட்டிருக்கிறாள். உட்கார்ந்தாள். வேன் போய்விட்டது.

பத்தரைக்குப் போன் அடித்தது. துறைமுக ஸ்டேஷன் மாஸ்டர் பேசினார். "சார், சரக்கு வண்டி நடுவழியில நிக்குது. பெட்டிகளை இணைக்கிற கப்ளிங் அறுந்து பாதிப் பெட்டி பின்னாடியே நின்னுடுச்சாம்."

அவர் போனை வைத்தார். தங்கை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் மகளல்லவா, சொல்லாமலே புரிந்துவிட்டது.

"எவ்வளவு நேரமாகும்ண்ணா?"

அவர் உடனே கார் பிடித்துவரச் சொல்லி தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனை சைக்கிளில் விரட்டினார். அவன் அரை மணி நேரம் கழித்து வேர்த்து விறுவிறுத்துத் தனியாகத் திரும்பி வந்தான். ஸ்டாண்டில் ஒரு வண்டிகூட இல்லை.

பதினொன்றே முக்காலுக்கு மறுபடி போன். "சார்... பெரியவர் போயிட்டாரு. அஞ்சு நிமிஷம் ஆச்சு."

வேனில் போயிருந்தால் அரை மணி நேரமாவது அப்பா பக்கத்தில் இருந்திருப்பாள். அந்தக் கணக்கை அவர் போட வேண்டியிருக்கவில்லை. அதுவாகவே மனதில் விழுந்தது.

சரக்கு வண்டி தட்டுத் தடுமாறி வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. மாற்று ஆளும் ஏதோ சாக்குச் சொல்லிக்கொண்டே வந்து சேர்ந்தார். அண்ணனும் தங்கையும் பாசஞ்சரில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். துறைமுகம் போய்ச் சேரச் சரியாக இருபது நிமிடம் ஆனது.

வீட்டு வாசலில் அவர் மனைவி நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"மாமா கடைசியா என்னைப் பார்த்து, 'பாப்பா, வந்துட்டியா'ன்னு கேட்டாரு. நான் ஆமான்னு தலையாட்டிட்டேன். தப்பா?"

"இல்ல அண்ணி. இல்ல." அதற்குப் பிறகுதான் தங்கை வாய்விட்டு அழுதாள்.

ஏன் தாமதம் என்று துக்கத்துக்கு வந்தவர்கள் கேட்டார்கள். "வண்டி வழியில நின்னுடுச்சு" என்று மட்டும் சொன்னாள். வேனைப் பற்றி மூச்சு விடவில்லை. ஸ்டேஷன் மாஸ்டரால் அதைத்தான் தாங்க முடியவில்லை. நான்காம் நாள், துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றார்.

"என்னை ஒரு வார்த்தை திட்டிடும்மா."

"திட்டுனா உனக்கு ஆறிடும்ண்ணா. எனக்கு?"

அவள் அடுத்த துணியை எடுத்து மடித்தாள்.

"உன் மேல கோவம் இல்ல. நல்லதுக்குத்தான் சொன்ன. ஆனா இனிமே எதையும் உன்னைக் கேட்டுச் செய்ய என்னால முடியாது."

மறுநாள் ஊருக்குப் போனாள். அதன் பிறகும் மாதம் தவறாமல் கடிதம் வந்தது. வீடு மாற்றியிருக்கிறார்கள், மூத்தவளை வெளியூரில் படிக்க அனுப்பிவிட்டார்கள், அவளே ஒரு வேலையில் சேர்ந்துவிட்டாள். எல்லாம் முடிந்த பிறகு வருகிற சேதிகள். அண்ணனின் உடம்பை அக்கறையாக விசாரித்திருப்பாள். என்ன செய்யலாம் என்று ஒரு வரிகூட இருக்காது. அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, "நல்லா இருக்காளாம்" என்று மனைவியிடம் நீட்டுவார்.