தவறாமல் எரிந்த விளக்கு

எந்தத் தாயாவது மகள் தவறாமல் சாமி விளக்கேற்றுவதைப் பார்த்துப் பயப்படுவாளா? புஷ்பவதி பயந்தாள். அவள் வீட்டு வழக்கம் அப்படி. மாலை விளக்கு மகள் தாட்சாயினியின் வேலை. மாதவிலக்கு நாட்களில் மட்டும் "அம்மா, இண்டைக்கு நீங்கள் கொளுத்துங்கோ" என்று அறைக்குள்ளிருந்தே குரல் வரும். அந்தக் குரல் வந்து மூன்று மாதமாகிறது.

பெட்டைக்கு வயது பதினேழு. இடுப்பில் ஏற்கெனவே ஒரு பிள்ளை, தாரா, இப்போதுதான் தவழத் தொடங்கியிருக்கிறது. தாரா பிறந்தபோது அவர்கள் குடியிருக்கும் கோட்-டெ-நெய்ஜ் பகுதித் தமிழ்ச்சனம் கதைத்த கதையையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டு முடித்தவள் புஷ்பவதி. தாட்சாயினியின் தகப்பன் இரவிச்சந்திரன் லொறி ஓட்டுகிறவர், வீட்டில் நிற்பதே குறைவு. "இன்னொருக்கா இப்பிடி நடந்தா அவள் இந்த வீட்டிலை இல்லை" என்று அவர் சொன்னது சும்மா சொன்னதில்லை. செப்டெம்பரில் தாராவைப் பகலில் பார்த்துக்கொள்ள கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு, தாட்சாயினி விட்ட படிப்பைத் தொடர்வதாக ஏற்பாடு. கார்டெரியில் இடம் கிடைப்பதோ குதிரைக்கொம்பு. வரிசையில் பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

சந்தேகம் வந்த பிறகு கண்ணில் பட்டதெல்லாம் சாட்சிதான். தாட்சாயினி ஊறுகாய்ப் போத்தலுக்குள் விரலை விட்டு நக்கினாள்: சாட்சி. பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு போனில் கதைத்தாள்: பெரிய சாட்சி. தாராவின் தகப்பன் வினோஜன், அந்தப் பொடியன், சனிக்கிழமைகளில் டயப்பர் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு நல்லபிள்ளை மாதிரி "அன்ரி, போட்டு வாறன்" என்று போவான். தாட்சாயினியும் வழியனுப்பக் கீழே இறங்குவாள். டயப்பர் கொண்டுவந்தவனை வழியனுப்ப இவ்வளவு நேரமோ?

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்தானே. கேட்கமாட்டாள் மனிசி. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம் அவளுக்கு.

செவ்வாய்க்கிழமை புஷ்பவதி தான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் நிலம் துடைத்துக்கொண்டு நின்றபோது கார்டெரியிலிருந்து போன் வந்தது. தாயின் நம்பரைக் கொடுத்தது தாட்சாயினிதான். அம்மா என்றால் எங்கே நின்றாலும் எடுப்பா என்ற நம்பிக்கை. தாராவுக்கு இடம் இருக்கிறது, வேண்டுமா என்று ஒருத்தி கேட்டாள். புஷ்பவதிக்குக் கோபம் ஏறியது. இன்னொன்றைச் சுமக்கிறவளுக்குப் படிப்பென்ன, கார்டெரியென்ன? "நோ, மெர்சி" என்று பிரெஞ்சில் மறுத்துவிட்டுப் போனை வைத்தாள்.  நிலத்தைத் துடைத்துக்கொண்டே மகளைத் திட்டினாள்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும் வழியில், ஃபார்மசியில் கர்ப்பம் பார்க்கும் பெட்டி ஒன்றை வாங்கிவந்து குசினி மேசையில் வைத்தாள்.

"இதைக் கொண்டுபோய்ப் பாத்திட்டு வா."

தாட்சாயினி பெட்டியைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். "ஏன்?"

"மூண்டு மாசமா ஒருநாளும் விடாமல் விளக்குக் கொளுத்திறாய். நான் என்ன குருடியெண்டு நினைச்சியோ?"

பெட்டைக்கு விளங்கச் சிறிது நேரம் எடுத்தது. விளங்கியதும் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பும் போய்விட்டது. சட்டைக் கையை மடித்து, தாயின் விரலைப் பிடித்துத் தன் மேற்கையின் உட்பக்கத்தில் வைத்தாள். தோலுக்கடியில் ஈர்க்குத் துண்டுபோல ஏதோ தட்டுப்பட்டது.

"கிளினிக்கிலை வைச்சது. பிள்ளை தங்காமல் இருக்கிறதுக்கு. இது வைச்சா சில பேருக்கு மாசாமாசம் வராதாம்."

"ஆரைக் கேட்டு வைச்சனி?"

"என்னைக் கேட்டுத்தான். நேர்ஸ் எல்லாம் வடிவா விளங்கப்படுத்தினவ."

"அப்ப, அவனோடை இன்னும்..."

"ஓம் அம்மா. வினோவை நான் விடேல்லை. நீங்கள் கேட்டிருந்தா சொல்லியிருப்பன். படிச்சு முடியுமட்டும் எனக்கு இன்னொரு பிள்ளை வேண்டாம். அதுக்குத்தான் இது."

புஷ்பவதி கதிரையில் இருந்துவிட்டாள். நிம்மதியென்றால் அப்படியொரு நிம்மதி. அதன் பின்னாலேயே செவ்வாய்க்கிழமை வந்து நெஞ்சில் ஏறிக் குந்தியது.

"தாட்சா, கார்டெரியிலை இருந்து எடுத்தவை. இடம் இருக்காம்."

மகளின் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்கமுடியாமல், மேசையைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தைச் சொன்னாள்.

"நான் வேண்டாமெண்டிட்டன்."

கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். தாட்சாயினி கத்தவில்லை. தாயின் போனை எடுத்து அந்த நம்பரைத் தேடி அழுத்தி, அந்த இடம் இன்னும் இருக்கிறதா என்று பிரெஞ்சில் கேட்டாள். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு, "வேறை பிள்ளைக்குக் குடுத்திட்டினமாம்" என்றாள்.

"நான் வேலையை விடுறன். தாராவை நான் பாக்கிறன். நீ பள்ளிக்கூடம் போ, பிள்ளை." என்றாள் புஷ்பவதி.

தாட்சாயினி மறுபடி போனைக் காதில் வைத்தாள். இத்தனை வருடம் ஆஸ்பத்திரியில் வேலை செய்த புஷ்பவதிக்கு அவ்வளவு பிரெஞ்சு விளங்கும். தாராவின் பெயரைத் திரும்ப வரிசையில் போடச் சொன்னாள் மகள். இனி எது என்றாலும் தன் நம்பருக்கே எடுக்கட்டும், தாயின் நம்பரை அழித்துவிடுங்கள் என்றாள்.