கை நீளம் பத்தவில்லை

ஆயிரத்து நூற்று அறுபது. வாத்தியார் மேஸ்திரிக்குத் தர வேண்டிய பாக்கி அது. இருபத்து மூன்றாம் எண் கடைக்குப் போக வேண்டிய டைல்ஸ் பெட்டிகளை இருபத்தெட்டாம் எண் கடைக்கு ஏற்றிவிட்டாராம். லாரி திரும்பி வந்து மறுபடி போன வாடகை அவர் தலையில் விழுந்தது. சனிக்கிழமையிலிருந்து கூலியில் பிடித்தம்.

அவர் வாத்தியாரெல்லாம் இல்லை. முதுகு தேய மூட்டை தூக்கியவர், நாற்பது வயதில் மாலை வகுப்புக்குப் போய் எழுத்துக் கூட்டக் கற்றார். அன்றிலிருந்து கிடங்கில் அந்தப் பெயர். பாதி மரியாதை, பாதி நக்கல். சீட்டைப் பார்த்துப் பெட்டி பிரிக்கும் வேலையும் அதனால்தான் கிடைத்தது. இன்னொரு தப்பு நடந்தால் மறுபடி மூட்டைதான் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். கேட்டதுமே முதுகு வலிக்க ஆரம்பித்தது.

தப்பு தெரிந்த அன்றைக்கு மேஸ்திரி கம்பெனித் தாளை மூக்குக்கு நேரே நீட்டி, "என்ன போட்டிருக்கு, படிய்யா" என்றபோது தாளில் எறும்புதான் ஊர்ந்தது. தப்பை ஒப்புக்கொண்டார்.

லேட்டாக ஏறிய எழுத்து, சீக்கிரம் உதிர்கிறது என்று முடிவுகட்டினார். வீட்டுக்கு வந்து கரித்துண்டால் சமையலறைச் சுவரில் அகரத்திலிருந்து எழுதிப் பார்த்தார். ஒன்று விடாமல் படிக்க வந்தது.

"பெரிய எழுத்து நிக்குது. சின்னதுதான் முதல்ல போகுது."

மனைவி சுவரைப் பார்த்தாள். "எழுத்து எங்கயும் போகல. என் சுவர்தான் போச்சு. கண்ணாடி போடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"கண்ணுக்கென்ன? அந்தக் கம்பியில இருக்கிற காக்கா கால்ல நூல் சுத்தியிருக்கு, அதுகூடத் தெரியுது."

"கிடங்குல காக்காவையா படிக்கச் சொல்றாங்க?"

மறுநாள் காலையில் கடை திறந்ததும் போனார். கண்ணாடிக்கடை அம்மா பொடி எழுத்து அட்டையைக் கொடுத்தாள். அவர் கையை நீட்டினார். இன்னும் நீட்டினார்.

"கை பத்தலையா? வயசு என்ன?"

"நாப்பத்தேழு."

"சரிதான். கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் இறுகிடும். தூரத்துல இருக்கிறது தெரியும், கிட்ட இருக்கிறது கலங்கும். எல்லாருக்கும் வர்றதுதான்."

"படிக்காதவங்களுக்குமா?"

"அவங்க ஊசியில நூல் கோக்கும்போது கண்டுபிடிப்பாங்க."

ஒவ்வொரு லென்ஸாக மாற்றினாள். மூன்றாவதில் எறும்புகள் நின்று எழுத்தாயின. சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இதற்குப் போயா சுவரைப் பாழாக்கினோம்?

வாங்கிய கண்ணாடியோடு கிடங்குக்குப் போனதும் சீட்டு குத்தும் கம்பியிலிருந்து அந்த டைல்ஸ் லோடுக்கான இரண்டை உருவினார். கம்பெனித் தாளில் இருபத்து மூன்று. அதைப் பார்த்து மேஸ்திரி தன் கையால் எழுதித் தந்த சீட்டில் இருபத்தெட்டு. வாத்தியார் படித்தது சரி; மேஸ்திரி எழுதியதுதான் தப்பு.

மேஸ்திரி சீட்டை வாங்கிக் கையை நீட்டினார். இன்னும் நீட்டினார். "இருபத்து மூணுன்னுதானேய்யா எழுதியிருக்கேன்."

"உங்களுக்கு வயசென்ன மேஸ்திரி?"

"அது உனக்கெதுக்கு?"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றி, கம்பெனித் தாளோடு சேர்த்து நீட்டினார். மேஸ்திரி வேண்டாவெறுப்பாக மாட்டிக்கொண்டு தாளைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு கூலிக் கணக்கு நோட்டை எடுத்தார்.

"கண்ணாடியைக் குடுங்க. சீட்டு குவிஞ்சு கிடக்கு."

"இருய்யா. கோடு நேரா விழ வேணாமா?" என்று சொல்லி, ஆயிரத்து நூற்று அறுபதை அடித்தார்.