இரண்டு ஹாரன்

என் வீட்டுக்காரருக்கு உலகத்தில் மொத்தம் பன்னிரண்டு இடங்கள்தான். ஏரியில் ஆரம்பித்து தூண்பாறை, குணா குகை என்று கொடைக்கானலில் வேன் ஓட்டுகிற எல்லோருக்கும் அந்தப் பன்னிரண்டும் மனப்பாடம். இடத்துக்கு இருபது நிமிஷம். நேரம் முடிந்தால் இரண்டு ஹாரன். பார்ட்டி ஓடிவந்து ஏறிவிட வேண்டும். ஜெயமுருகன் என்கிற அந்த மனுஷர் இருபத்திரண்டு வருஷமாக இதைத்தான் செய்கிறார். சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாலும் அவருக்கு இருபது நிமிஷம்தான்.

நான் தூண்பாறை வாசலில் சோளம் சுட்டு விற்கிறவள். பெயர் லீலா. ஆள் வருவது ரோட்டுப் பக்கமிருந்து என்பதால் என் அடுப்பும் ரோட்டைப் பார்த்துத்தான் இருக்கும். பாறை, பள்ளத்தாக்கு எல்லாம் என் முதுகுக்குப் பின்னால். "குடுத்து வச்சவங்க நீங்க, சொர்க்கத்துலயே இருக்கீங்க" என்று வருகிறவர்கள் சொல்வார்கள். "சொர்க்கம் பின்னாடி இருக்குங்க, எனக்கு முன்னாடி புகைதான் இருக்கு" என்பேன். சிரிப்பார்கள். நான் சிரிக்கச் சொல்லவில்லை. அதற்குள் ஹாரன் கேட்கும். பாதி கடித்த சோளத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடுவார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மகள் சௌம்யாவுக்குப் போன மாசம் தூத்துக்குடியில் ஒரு கப்பல் கம்பெனி ஆபீஸில் வேலை கிடைத்தது. போனதிலிருந்து ஒரே போட்டோவாக அனுப்பினாள். உப்பளம், மாதா கோயில், முந்திரி மக்ரூன், எண்ணெய்ப் புரோட்டா. "அம்மா, வா, எல்லாம் பாக்கலாம்" என்றாள். எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. ஒரு கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பி, கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பார்க்க வேண்டும். எங்கள் மலையில் எதையும் முழுசாகப் பார்க்க முடியாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேகம் வந்து மூடிவிடும். நாற்பத்தைந்து வயசுக்கு நான் எதையுமே கடைசி வரை பார்த்ததில்லை.

"நாம காட்டுறவங்க. பாக்குறவங்க இல்ல" என்றார் இவர்.

"அத யாரு எழுதி வச்சது? நான் பஸ்ல போறேன். வத்தலக்குண்டுல மாறினா ஆச்சு."

ஆடி மழையில் ஊரில் கூட்டமும் இல்லை. அடுப்பை இரண்டு நாள் அணைத்துப் போட்டேன். நான் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்ததும் மனுஷர் முணுமுணுத்துக்கொண்டே வேனைக் கிளப்பினார்.

சௌம்யா லேடீஸ் ஹாஸ்டலில் இருப்பதால் தூத்துக்குடியில் நாங்கள் லாட்ஜில் தங்கினோம். மறுநாள் விடியற்காலை நாலரைக்கு என்னை உலுக்கி எழுப்பினார்.

"எந்திரி, வெரசா. மேகம் மூடுறதுக்குள்ள கடலப் பாத்துரணும்."

எனக்கும் அந்த நேரத்தில் உறைக்கவில்லை, பாருங்கள். ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு அடித்துப் பிடித்து ஓடினேன். கடற்கரையில் டீ விற்றவர் எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். "எத்தன மணிக்குங்க மூடும்?" என்று இவர் அவரிடமே கேட்டார். "எது, கடலா?" என்றார் அவர். எனக்கு மானமே போய்விட்டது. ஸ்வெட்டரைக் கழற்றிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகாவது நிதானமாகப் போனாரா? பனிமய மாதா கோயிலில் இருபது நிமிஷம். அந்த வேர்வையில் நின்றுகொண்டு பனிக்கு ஒரு மாதாவைப் பார்த்தது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நம்ம ஊருக்கு வந்திருக்க வேண்டியவள் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஹாரன். உப்பளத்தில் வண்டியை நிறுத்தவே இல்லை. "அந்தா வெள்ளையா கெடக்குல்ல, அதான்" என்றார். மக்ரூனை வண்டியில் தின்றேன். புரோட்டாவை மென்றேனா விழுங்கினேனா என்றே தெரியவில்லை.

இரண்டரைக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்துக் கடற்கரைக்கு வந்தோம். மறுநாள் காலை ஆறு மணிக்கு அவருக்குச் சென்னைப் பார்ட்டி. மூன்று மணிக்குக் கிளம்பினால்தான் ஒன்பதுக்காவது மலையேறி வீடு சேரலாம் என்று கணக்கு வைத்திருந்தார். சௌம்யா ஆபீஸிலிருந்து மெசேஜ் அனுப்பியிருந்தாள்: "சிவப்புக் கப்பல். நாலு மணிக்குக் கிளம்பும். பார்த்துட்டுத்தான் போகணும்."

கப்பல் அங்கேதான் நின்றது. ஒரு தெருவையே தூக்கித் தண்ணீரில் வைத்த மாதிரி அத்தனை நீளம்.

மணலில் ஒரு அம்மா மாங்காய் கீறி விற்றுக்கொண்டிருந்தாள். ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முதுகுப் பக்கம் கடல். பக்கத்தில் போய் உட்கார்ந்து மாங்காய் வாங்கினேன்.

"அந்தக் கப்பல் போறத நின்னு பாத்திருக்கீங்களாக்கா?"

"எனக்கு ஏதுக்கா நேரம்? தினமுந்தான் போகுது" என்று மிளகாய்ப்பொடியைத் தூவினாள்.

அப்போது ரோட்டிலிருந்து இரண்டு ஹாரன்.

"அக்கா, உங்க வண்டி கூப்புடுது பாருங்க" என்றாள்.

கையில் பாதி கடித்த மாங்காய். கால் தன்னால் எழுந்துவிட்டது. அந்தக் காலின் மேல் எனக்கு வந்த கோபம், அவர் மேல்கூட வரவில்லை. திரும்ப உட்கார்ந்தேன். மறுபடியும் இரண்டு ஹாரன். கப்பலைப் பார்த்தபடியே மாங்காயைக் கடித்தேன்.

அவரே இறங்கி வந்தார்.

"காது கேக்கலையா? மணி மூணாகப் போகுது."

"கேட்டுச்சு. நான் வரல."

"வெளையாடாத லீலா. நாளைக்குப் பார்ட்டி இருக்கு."

"இன்னைக்கு நான்தான் பார்ட்டி. கப்பல் போய் மறையிற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

"நான் வண்டிய எடுத்துட்டுப் போயிட்டே இருப்பேன்."

"போங்க. பஸ் இருக்கு."

மாங்காய்க்காரி கத்தியைக் கீழே வைத்துவிட்டு எங்களையே பார்த்தாள். பார்க்கட்டும்.

"இருவத்திரெண்டு வருசமா ஊருக்கே காட்டுனீங்க. எனக்கு என்னத்தக் காட்டுனீங்க? சரி, என்னைய விடுங்க. நீங்க என்னத்தப் பாத்தீங்க? வண்டிக்குள்ள உக்காந்து கடிகாரத்தத்தான பாத்தீங்க?"

அவர் குனிந்து கையில் கட்டியிருந்த வாட்சைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அதற்காக எழுந்திருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அவர் கையிலிருந்த போன் அடித்தது. சென்னைப் பார்ட்டி. அவர் எடுப்பதற்குள் நான் பிடுங்கிக் காதில் வைத்தேன்.

"அவருக்கு நாளைக்கு லீவுங்க. டூர் வந்திருக்காரு. ஆறு மணிக்கு வேற வண்டி கரெக்டா வரும்."

போனைத் திருப்பிக் கொடுத்தேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கூட வேன் ஓட்டுகிற முருகானந்தத்துக்குப் போன் போட்டு, "தம்பி, நாளைக்கு என் பார்ட்டிய நீ எடுத்துக்க" என்றார். ஏன் என்று கேட்டிருப்பான் போல. "சோலி இருக்குடா" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றி அதன்மேல் உட்கார்ந்தார். பேன்ட்டில் மண் ஒட்டக்கூடாதாம்.

கப்பல் நாலுக்குக் கிளம்பவில்லை. ஐந்துக்குத்தான் அசைந்தது. சின்னப் படகுகள் இரண்டு அதை இழுத்து வெளியே விட்டன. அப்புறம் அது தானாகப் போனது. அவ்வளவு மெதுவாக ஒன்று போகும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. அவர் நாலைந்து தடவை கையைத் திருப்பி மணி பார்த்தார். பிறகு வாட்சைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

"அங்கதான் பாக்கணுமா?" என்று மாங்காய்க்காரி மெல்லக் கேட்டாள். கூடையை நகர்த்திவிட்டு எங்களைப் போலவே கடலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள்.

கப்பல் விரல் அளவு ஆனது. நகம் அளவு ஆனது. சிவப்பு போய் ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் மிஞ்சியது. வெளிச்சம் இன்னும் பாக்கி இருந்தது.

"மூடிருச்சா?" என்றார் இவர், கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

"மூடல. இன்னும் போய்க்கிட்டிருக்கு. பேசாம பாருங்க."

பின்னால் ரோட்டில் ஏதோ ஒரு வண்டி இரண்டு தடவை ஹாரன் அடித்தது. எங்கள் மூன்று பேரில் ஒருவரும் திரும்பவில்லை.