மாட்டாத கிளிப்

மச்சான் காரின் முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு கொடுத்து, தோளால் ஒரு முறை இடித்துப் பார்த்தார். ஆடவில்லை.

"நாப்பது நாளா நின்ன வண்டி மாப்ளே. பழைய இன்ஜின் எண்ணெயை இறக்கிட்டுப் புதுசு ஊத்தின பிறகுதான் சாவியைத் திருப்பணும். நான் கீழ போறேன், நீங்க லைட் மட்டும் காட்டுங்க."

"வேணாம் மச்சான். நான் போறேன்."

"ஏன், இந்தத் தொப்பையோட உள்ள போனா வெளிய வர மாட்டேன்னு பயமா?"

நான் சிரிக்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. என் மனைவியின் அண்ணன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அவள் போனதிலிருந்து வாயை மூடவே இல்லை. மூடினால் வீட்டின் சத்தம் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டுவிடும். வண்டியைத் தன் ஊருக்கு எடுத்துப்போக வந்திருந்தார். எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். சொல்லாத ஒன்று என் சட்டைப்பையில் இருந்தது.

அது ஒரு பிளாஸ்டிக் கிளிப். சுண்டுவிரல் நகம் அளவு. ஆறு மாதத்துக்கு முன்வரை எண்ணெய் மாற்றுவது எங்கள் வீட்டில் ஒரு சிறிய விபத்து. வண்டிக்கு அடியில் படுத்து, எண்ணெய் இறக்கும் நட்டைக் கழற்றுவேன். கடைசிச் சுற்றில் அது கையிலிருந்து நழுவிச் சூடான எண்ணெய்க்குள் விழும். கறுப்பு எண்ணெய் மணிக்கட்டில் தொடங்கி முழங்கைவரை வழியும். பிறகு தரை, செருப்பு, ஒரு தடவை அவளுடைய குளியல் துண்டு. "எண்ணெய் மாத்தறியா, எண்ணெய்ல குளிக்கிறியா?" என்பாள். அதற்காகத்தான் ஒரு வால்வை வாங்கினேன். நட்டு இருந்த இடத்தில் பித்தளையில் ஒரு குட்டிக் குழாய். அதில் டியூபைச் செருகி, மறுமுனையைக் கேனில் விட்டு, கைப்பிடியைத் திருப்பினால் போதும். ஒரு சொட்டு சிந்தாது. கைப்பிடி தானாகத் திரும்பிவிடாமல் இருக்க மேலே அந்தக் கிளிப்பை மாட்ட வேண்டும். வால்வைப் பொருத்திய அன்று சமையலறையிலிருந்து கேட்டாள். "எல்லாத்தையும் மாட்டிட்டியா?" "மாட்டிட்டேன்," என்றேன். கழுவ வேண்டிய அளவுக்குக் கை அழுக்காகவில்லை என்ற பெருமையில் இருந்தேன்.

அவள் இறந்த ஒன்பதாம் நாள், மாற்றுச் சாவி தேடிக் கருவிப் பெட்டியைக் கொட்டினேன். வால்வு வந்த அட்டை டப்பா கிடைத்தது. உள்ளே, பிரிக்காத கவரில், கிளிப்.

அவள் இறந்த அன்று நெடுஞ்சாலையில் வண்டியை ஓரமாக நிறுத்தியிருக்கிறாள். இறங்கி நின்றிருக்கிறாள். பின்னால் வந்த லாரி. வண்டிக்கு ஒரு பக்கக் கண்ணாடி மட்டும் போயிருந்தது. இன்ஜின் அணைந்திருந்தது, நான்கு விளக்கும் மின்னிக்கொண்டிருந்தன என்றார்கள் போலீஸ்காரர்கள். வண்டியைக் கட்டி இழுத்துவந்து வீட்டில் விட்டார்கள். ஏன் நிறுத்தினாள் என்று யாருக்கும் தெரியவில்லை. கிளிப்பைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் ஓட்டக் கற்றபோது நான்தான் சொல்லிக்கொடுத்தேன். "அந்தச் சிவப்பு லைட் எரிஞ்சா எண்ணெய் இல்லைன்னு அர்த்தம். எங்க இருந்தாலும் உடனே நிறுத்திடு. வீட்டுக்குப் போயிடலாம்னு ஓட்டாதே." ஒரு கல் தெறித்திருக்கும். கைப்பிடி திரும்பியிருக்கும். எண்ணெய் போயிருக்கும். விளக்கு எரிந்திருக்கும். நான் சொன்னபடியே நிறுத்தியிருப்பாள். எல்லாம் பொருந்தியது. அன்று இரவுதான் முதல் தடவையாகத் தூங்கினேன்.

பானெட்டைத் திறந்து எண்ணெய் அளவுக் குச்சியை உருவிப் பார்த்திருக்கலாம். அரை நிமிட வேலை. முப்பத்தொரு நாளாகச் செய்யவில்லை. தினமும் குனிந்து தரையை மட்டும் பார்ப்பேன். கீழே ஒரு சொட்டு இல்லை. இருந்தால்தானே சொட்டும் என்று நிமிர்ந்துவிடுவேன். இன்று மச்சான் பார்க்கப் போகிறார். அவர் தங்கை. அவர் கண்ணில் படுவதற்கு முன்னால் நான் பார்த்துவிட வேண்டும்.

அட்டையை விரித்து, மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தேன். போன் வெளிச்சத்தில் அடிப்பகுதி முழுக்க உலர்ந்த தூசி. எண்ணெய் கொட்டியிருந்தால் தூசி இப்படி இருக்காது. அது மூளைக்கு ஏறுவதற்குள் வால்வு கண்ணில் பட்டது. கைப்பிடியைச் சுற்றி ஏதோ கறுப்பாக இருந்தது. கந்தல் துணி என்று நினைத்தேன். கட்டைவிரலால் துடைத்தேன். நீலம் தெரிந்தது.

ஹேர்பேண்ட்.

கைப்பிடியையும் வால்வின் கழுத்தையும் சேர்த்து மூன்று சுற்று. இறுக்கமாக. கைப்பிடி மூடியே இருந்தது. நீலத்துக்கு அடியில் இன்னொன்று, சூட்டில் விறைத்து வெடித்திருந்தது. அதற்கும் அடியில் மூன்றாவது. பித்தளையோடு ஒட்டிப்போய், என்ன நிறமென்றே தெரியவில்லை.

என் மார்பில் கிடந்த போன் சரிந்து விழுந்தது. எடுக்கவில்லை.

பற்பசை டப்பாவில் எழுதியிருப்பதைக்கூட விடாமல் படிப்பவள். வால்வின் காகிதத்தையும் படித்திருப்பாள். நான் வேலைக்குப் போன பிறகு கீழே படுத்துப் பார்த்திருக்கிறாள். ஒரு தடவை அல்ல. ஒன்று நைந்ததும் அடுத்தது. "டஜன் கணக்கா வாங்கற, தலையில ஒண்ணையும் காணோமே," என்று நான் கேலி செய்ததுண்டு. "முடி கொட்டுதுல்ல, அதோட சேர்ந்து அதுவும் கொட்டுது." முழங்கைக்குப் பின்னால் கறுப்பாக ஒட்டியிருந்ததைக் காட்டிக் கேட்டபோது, "எல்லாம் உன்கிட்டேருந்து ஒட்டுனதுதான்" என்றாள். நான் நம்பினேன்.

மேலே பானெட் திறக்கும் சத்தம். குச்சியை உருவும் சத்தம்.

"மாப்ளே, எண்ணெய் ஃபுல்லா இருக்கு. கொஞ்சம்கூடக் குறையல."

குச்சியைத் திரும்பச் செருகும் சத்தம். பிறகு, இந்த நாற்பது நாளில் நான் கேட்டிராத சின்னக் குரலில் சொன்னார்.

"அப்போ வண்டி நல்லாத்தான் இருந்திருக்கு. பின்ன எதுக்கு நிறுத்துனா?"

எண்ணெய் இருக்காது என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். இருக்கிறது. என்மேல் குற்றமில்லை. இருட்டில், இல்லாத படியில் காலை வைத்தது போல இருந்தது. முப்பத்தொரு நாளாக என் கையில் ஒரு காரணமாவது இருந்தது. அதில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

"மாப்ளே? என்ன, அங்கயே படுத்துட்டீங்களா?"

குனிந்து என் முகத்தைப் பார்த்தார். வேறெதுவும் கேட்காமல், தொப்பையை எக்கிக்கொண்டு, தோளால் நகர்ந்து என் பக்கத்தில் வந்து படுத்தார். விழுந்து கிடந்த போனை எடுத்து மேலே காட்டினார். வெகுநேரம் காட்டிக்கொண்டே இருந்தார்.

"இது குட்டியோடது." தங்கையை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"ம்."

சட்டைப்பையிலிருந்து கவரை எடுத்தேன். "இதைத்தான் அங்க மாட்டணும். நான் மாட்டல, மச்சான்."

அவர் கிளிப்பைப் பார்த்தார். ஹேர்பேண்டைப் பார்த்தார். "லூசு," என்றார். என்னையா அவளையா என்று தெரியவில்லை. அவர் வயிறு குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்தேன். காது ஓரமாக ஈரம் இறங்கியபோதுதான் இல்லை என்று தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்துப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, காலியாக இருந்த கேனை அருகில் இழுத்தார். டியூபின் ஒரு முனையை அதில் விட்டு, மறுமுனையை என்னிடம் நீட்டினார்.

"இறக்கணுமே மாப்ளே."

"இறக்கணும்."

அதற்கு மூன்றையும் கழற்ற வேண்டும். நீலத்துக்கு அடியில் ஆள்காட்டி விரலை நுழைத்து இழுத்தேன். நீண்டது. இன்னும் இழுவை இருந்தது. அதில் சிக்கியிருந்த ஒரு முடி, நீளமாக, வெளிச்சத்தில் தொங்கியது. மச்சான் போனை அசைக்காமல் பிடித்திருந்தார்.

விரலை எடுத்தேன். அது சுருங்கி, இருந்த இடத்திலேயே போய் இறுகிக்கொண்டது.