முன்பு காலில் புண் வந்ததுண்டா?

ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது ஜாஹ்னவிக்கு பிரான்சியின் போன் வந்தது. லால்குடிப் பக்கம் சர்க்கரை நோயாளிகளின் வீடு தேடிப் போய்க் கால்களைக் கவனித்துவரும் நர்ஸ் அவர்.

"திட்டத்தையே நிறுத்தப் போறாங்களாம் மேடம். நாங்க போய்ப் பார்த்தவங்களுக்குத்தான் அதிகமா காலை எடுத்திருக்காம்."

ஜாஹ்னவி அந்தத் திட்டத்தை மதிப்பிடும் ஆய்வு மையத்தின் புள்ளியியலாளர், சேர்ந்து சில வாரங்களே ஆகின்றன. அலுவலகம் போனதும் அறிக்கையைத் திறந்தாள். நர்ஸ் பார்த்த ஒவ்வொருவருக்கும், எல்லா வகையிலும் ஒத்தவர் என்று சொல்லி, நர்ஸ் பார்க்காத ஒருவரை ஜோடி சேர்த்திருந்தார்கள். வயது ஒத்திருந்தது. சர்க்கரை அளவும் ஒத்திருந்தது. ஆனால் முன்பு புண் வந்ததுண்டா என்ற கேள்விக்கு ஆம் என்றவர்கள் நர்ஸ் பார்த்தவர்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு, பார்க்காதவர்களில் நான்கு.

நேராக இயக்குநர் மதுசூதனிடம் போனாள்.

"வித்தியாசம் தற்செயலான்னு பார்க்கற பி-வேல்யூ சரியாத்தானேம்மா இருக்கு?" என்றார் அவர்.

"ஆள் கம்மியா இருந்தா பெரிய வித்தியாசமும் அதுல தெரியாது சார். விகித வித்தியாசத்தை அதோட பரவலால வகுத்துப் பார்க்கணும். பாயின்ட் ஒண்ணுக்குள்ள இருந்தா ஒத்துக்கலாம். இது பாயின்ட் மூணு. ஏற்கெனவே புண் வந்தவங்க வீட்டுக்குத்தான் பிரான்சி முதல்ல ஓடியிருக்காங்க. அவங்களைப் புண்ணே வராதவங்களோட ஒப்பிட்டிருக்கோம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "திட்டத்தை நிறுத்தறதான்னு முடிவெடுக்கற கமிட்டி வெள்ளிக்கிழமை. அதுக்குள்ள சரிபண்ண முடியுமா?"

இதே திட்டம் நடக்கும் மணப்பாறையின் தகவல்களையும் சேர்த்து மறுபடி ஜோடி சேர்த்தாள். புண் வந்தவர்களின் விகிதம் சமமானது, ஆனால் தனியாக வசிப்பவர்கள் ஒரு பக்கம் சாய்ந்தார்கள். அதைச் சரிசெய்தால் புகைபிடிப்பவர்கள். வியாழக்கிழமை மதியம் ஆம்-இல்லை கேள்விகள் அத்தனையும் அந்தப் பாயின்ட் ஒன்றுக்குள் அடங்கின. முடிவைப் பார்த்து ஜோடிகளை வளைத்துவிடக் கூடாதென்று, அதுவரை முடிவுகளை அவள் திறக்கவே இல்லை.

இப்போது திறந்தாள். நர்ஸ் பார்த்தவர்களில் காலை இழந்தவர்கள், மற்றவர்களில் இழந்தவர்களின் பாதிகூட இல்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "ஜெயிச்சுட்டாங்க!" என்று கத்தினாள். பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கமிட்டியில் மதுசூதனே எழுந்து, "நம்ம முதல் அறிக்கை தப்பு" என்று தொடங்கினார். திட்டம் தொடரும், அரியமங்கலத்துக்கும் விரியும் என்று முடிவானது.

ஜாஹ்னவி வெளியே வந்து பிரான்சியை அழைத்தாள்.

"உங்களால எத்தனையோ பேர் இன்னும் நடக்கறாங்க, பிரான்சி."

மறுமுனையில் அழுகையும் சிரிப்பும் ஒன்றாகக் கேட்டன. "இருங்க மேடம், வண்டியை ஓரமா நிறுத்திக்கறேன். மறுபடி சொல்லுங்க."